மருந்து உப்பும் பச்சை விளக்கும்

சிவப்பு விளக்கு எரிந்ததும் பன்னீர்செல்வம் மெஷினை ஒருமுறை தட்டிப் பார்த்தார். மெஷினுக்குள் இருந்தது பெரிய அதிகாரி இராமகிருஷ்ணனின் ரத்தம்.

"சிவப்புன்னா என்னய்யா?"

"மலேரியா சார்."

"எனக்கா?"

மலேரியாவை ஒழிக்கவென்றே அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். சிப்பிகாட் முகாமின் சமையலில் மலேரியா மருந்து கலந்த உப்பைப் போடச் சொன்னதும் அவர்தான். "துளிகூடக் கசக்கல பாரு!" என்று சாம்பாரை உறிஞ்சியபடி பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

பன்னீர்செல்வம் முகாமின் ரத்தப் பரிசோதகர். பழைய மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட, கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு மனு மேல் மனு போட்டு இந்தக் கம்ப்யூட்டர் மெஷினைச் சோதனைக்காக வரவழைத்திருந்தார். கண்ணாடியில் பூசிய ரத்தத்தை அதன் கேமரா படம் பிடிக்கும். படத்தில் கிருமி தெரிந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பெற்ற பிள்ளையைப் போல அதன் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம்.

"காய்ச்சல் எனக்கில்ல, உன் மெஷினுக்கு! நாளைக்கே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல அதைக் கப்பல் ஏத்தித் திருப்பி அனுப்பிடுவேன். உனக்குத் தெற்குக் கோடித் தீவுல இருக்கிற காம்ப்பெல் பேக்கு மாற்றல். சமஜ் கயா, புரிஞ்சுதா?"

"தூசியா இருக்கும் சார்."

கேமராவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கிருமிக் கணக்கு இரண்டு மடங்காகியது.

"துடைச்சா பெருகுதே, பலே!" என்றார் அதிகாரி.

பன்னீர்செல்வம் தன் விரலையே குத்திப் பார்த்தார். சிவப்பு. ஜீப் டிரைவர் அலி அக்பரை இழுத்து வந்து குத்தினார். அதுவும் சிவப்பு.

"அரே, எனக்கு ஒண்ணுமில்ல சார்! சாயங்காலமானா லேசா நடுங்கும், அவ்வளவுதான்" என்றார் அலி அக்பர்.

"இந்த மழையில யாருக்குத்தான் நடுங்காது?" அதிகாரி மழைக் கோட்டை இறுக்கிக்கொண்டார். "ஒரே ஒரு பச்சை காட்டுய்யா, நம்பறேன்."

பன்னீர்செல்வத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறை வாசலில் கறுப்புப் பூனை ஒன்று படுத்திருந்தது. பாய்ந்து பிடித்து, காதில் குத்தி, மெஷினில் வைத்தார்.

பச்சை!

"ஆஹா! முகாமுக்கே காய்ச்சல், பூனைக்கு மட்டும் ஒண்ணுமில்ல! கட்டுய்யா மெஷினை!" என்று கத்திய அதிகாரியின் பற்கள் தந்தியடித்தன. அலி அக்பர் கயிற்றோடு வந்து மெஷினைக் கட்டத் தொடங்கினார்.

டீ கொண்டுவந்த சமையல்காரி மரகதத்துக்குப் பொறுக்கவில்லை.

"மெஷின் மேல பழி போடாதீங்க சார். நான் சாம்பார்ல போடுறது கடை உப்பு. நீங்க டூர் போயிருந்தப்ப உங்க உப்பைப் போட்டேன். கசப்புன்னு ஒருத்தரும் சோத்தைத் தொடல."

"அப்ப மெஷின் சொன்னது அத்தனையும் சரி!" பன்னீர்செல்வம் துள்ளிக் குதித்தார். காய்ச்சல்கார அலி அக்பரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். தனக்கும் மலேரியா என்ற சந்தோஷத்தில் அவருக்குக் கண்கள் கலங்கின.

அதிகாரி நடுங்கும் கையால் தானே கயிற்றை அவிழ்த்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும். நீயும்தான். முதல்ல எனக்கு ஒரு கம்பளி கொண்டா." பிறகு திடீரென்று நினைவு வந்தவராக மரகதத்திடம் திரும்பினார். "மூட்டை மூட்டையாக் குடுத்தேனே, அந்த மருந்து உப்பெல்லாம் எங்கேம்மா போச்சு?"

மரகதம் பூனையைக் காட்டினாள்.

"கருவாட்டுக்குப் போட்டேன் சார். தினமும் அது ஒண்ணுதான் திங்குது."