வசந்தாவைத் தள்ளிப் போட்ட கதை

நிரந்தர நியமனம் தாமதமானதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். என் காரணம் ஒரு ராட்சசி. அவளுக்குப் படம்கூடக் கிடையாது. வரைய எங்களில் யாருக்கும் வராது.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர், தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகியான துரைக்கு எழுத வேண்டியவர் யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர். அவர் வீட்டுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் அங்கே தும்மினால் இங்கே என் கலண்டர் ஆடும்.

பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த நிசாம் என் சிநேகிதன். லண்டனிலிருந்து அவனுடைய மச்சான் ஒரு விளையாட்டுப் புத்தகமும் இருபது முகமுள்ள பகடைக் காய் ஒன்றும் அனுப்பியிருந்தார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் தன்னை வீரனாக நினைத்துக்கொண்டு வாயாலேயே சண்டை போட வேண்டும். வெற்றியா தோல்வியா என்பதைக் காய் சொல்லும். (இருபத்துநான்கு வயதில் ஞாயிறு பின்னேரங்களில் என் அறையில் இதைத்தான் செய்தேன். அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.)

மல்லுக்கட்டும் விதிகளைத் தமிழாக்கிய பெருமை என்னுடையது. முதலில் எதிரியின் கையைப் பிடி. பிடி இறுகினால் கீழே தள்ளிப் போடு. விழுந்தால் வாளால் முடி.

புத்தகத்தில் வந்த ராட்சசியின் ஆங்கிலப் பெயர் நிசாமின் வாயில் நுழையவில்லை. "நீயே ஒரு பேர் வை" என்றான். வசந்தா என்றேன். அது பெரிய கிளாக்கரின் மகள் பெயர். அந்தப் பெயர் ஏன் முதலில் வந்தது என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள்.

மூன்று முறை தள்ளிப் போட்டேன். மூன்று முறையும் எழுந்து நின்றாள். எனக்கு வெறி ஏறிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன்: "வசந்தா கையை நான்தான் புடிப்பேன். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு அலுத்துப்போச்சு. இன்னைக்கே முடிச்சிடுறேன்."

சுவருக்கு அப்பால் கதிரை ஒன்று விழுந்தது. மறு நிமிடம் பெரிய கிளாக்கர் என் வாசலில் நின்றார். பின்னால் வசந்தா.

"ஆரைக் கேட்டு முடிக்கப் போறீர்?"

ஆட்ட மயக்கத்தில் எனக்கு வேறு வசந்தாவே நினைவில் இல்லை. "யாரைக் கேக்கணுங்கய்யா? காய் நல்லா விழுந்தா முடிச்சிட வேண்டியதுதான்."

"காய் விழுந்தாலோ?"

"ஆமாங்க. நான் விட்டா வேற எவனும் கிட்டப் போக மாட்டான். எட்டடி உசரம், கோரப்பல்லு."

வசந்தா திரும்பிப் போனாள். அவர்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்ட வேகத்தில் என் கலண்டர் விழுந்தது.

மேசையில் முகம் புதைத்துச் சிரித்த நிசாம் மெல்லச் சொன்னான்: "மடையா, முடிக்கிறதுண்டா எங்கட பேச்சிலயும் அவங்கட யாழ்ப்பாணப் பேச்சிலயும் கலியாணம் முடிக்கிறது."

எங்கள் தோட்டத்தில் முடிப்பது என்றால் தீர்த்துக்கட்டுவது. அதைத் தெளிவுபடுத்தினால் மனிதர் சமாதானமாகிவிடுவார் என்று நம்பினேன். "ஐயா, கல்யாணம் பண்ணல்லாம் இல்லீங்க. கொல்லத்தான் பார்த்தேன்" என்றேன்.

அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் சுவர் வழியே அவர் குரல் கேட்டது: "லயத்தில பிறந்ததுக்கு என்ர மகள் கேக்குதோ." நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான்; அது மட்டும் சுட்டது. இன்றும் சுடுகிறது. கொல்லப் போனதைக்கூட மன்னித்திருப்பார் போல. கட்டப் போனதாக நினைத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் துரைக்கு ஒரு வரிக் கடிதம் போனது: என் நியமனத்தைத் தள்ளிப் போடவும். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இரண்டு வருடம் தற்காலிகமாகவே இருந்தேன். வசந்தாவுக்கு ஒரு டாக்டரோடு கல்யாணம் நடந்த மறுநாள் காலை பெரிய கிளாக்கர் என் நிரந்தர நியமனச் சிபாரிசில் கையெழுத்துப் போட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, தம்பி. இனி உம்மில பயமில்லை."

இப்போது வெலிமடையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். மனைவி வாளியை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்தபடி பிள்ளைகளிடம் சொன்னாள்: "வசந்தாவையே மூணு தரம் தள்ளிப் போட்டவரு, கூரைய விடுவாரா?"