பம்புவரை வந்த டீசல்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

என் கை முழங்கைவரை கிரீஸ் என்பதால், நான் சொல்லச் சொல்லத் தங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். டிராக்டர் மட்டும் நலமாக இல்லை. தங்கள் பட்டறையும் அதிலுள்ள ஸ்பானர்களும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. இந்த ஈரத்தில் உழுதால்தான் உண்டு, விட்டால் நிலம் கல்லாகிவிடும். வெள்ளிக்கிழமை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. டாக்டர் என்னை வண்டியில் ஏறக் கூடாது என்றது உண்மைதான். போன மாதம் ஓட்டும்போது லேசாகத் தலை சுற்றி, வேலியில் போய் நின்றேன், அதற்காக. ஆனால் அவர் சொன்னது ஓடுகிற வண்டிக்கு. ஓடாத வண்டியில் உட்காருவதற்கும் நாற்காலியில் உட்காருவதற்கும் என்ன வித்தியாசம்? (உங்கள் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது என்றேன்.)

முதலில் பேட்டரி என்று நினைத்தேன். புதுசு மாட்டினேன், முன்னைவிட வேகமாகச் சுற்றியது, முன்னைப் போலவே ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபில்டரை மாற்றினேன், அதுவும் வீண். பக்கத்து வயல்காரர் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்குங்க, காத்தை வெளியேத்தணும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து, தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். கடைசியில் அந்த மனுஷன், "என் வண்டியில ரெண்டு மணி நேர வேலைங்க, உழுதுடலாமே" என்கிறார்! என் நிலத்தை இன்னொருத்தர் வண்டி உழ, நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பதா? முடியாது என்றுவிட்டேன்.

இப்போது பார்த்தால் டீசல் பம்புவரைக்கும் வருகிறது, அதுக்கு மேலே ஒரு சொட்டு போகமாட்டேங்குது. ஆக, பம்பு காலி. நாலைந்து நாளில் நானே கழற்றிவிடுவேன். நீங்கள் புதுசு ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தங்கைதான் எனக்குப் பெரிய பலம். வண்டிக்கு அடியில் கிடந்தால் டீ கொண்டுவந்து தருகிறாள். "அவசரமே இல்லைங்க, நிதானமா பாருங்க" என்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் என் வேலை எதிலும் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஸ்பானர் பிடிக்காத வேலைக்குப் போக என் ஆசிகள்.

இப்படிக்கு,
கிரீஸ் கையுடன்,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நானே எழுதறது. அவரு கை கழுவப் போயிருக்காரு. பம்புக்கு ஒண்ணும் இல்ல. அது பக்கத்துல இருக்கிற ஸ்டாப் லீவரை நான்தான் கட்டுக்கம்பியால இழுத்துக் கட்டி வச்சிருக்கேன். டீசலை நிறுத்துறது அதுதான்னு சின்ன வயசுல பட்டறையில நீங்கதான் காட்டினீங்க. கண்ணாடி போடாம தேடறதால இவர் கண்ணுல இன்னும் படல. வேலியில நின்னாருன்னு எழுதச் சொன்னாரு; வேலிக்கு அந்தப் பக்கம் கிணறுன்னு சொல்லல. பம்பைக் கழட்டினா கம்பி தெரிஞ்சுடும். அதனால கடிதம் கிடைச்ச அன்னைக்கே கிளம்பி வாங்க. பார்த்துட்டு, ரிப்பேருக்கு ஆறு மாசம் ஆகும்னு சொல்லிப் பம்பை எடுத்துட்டுப் போயிடுங்க. நிலம் காஞ்சா காயட்டும். எனக்கு மனுஷன் வேணும்.