எந்திரி நெவில்

கிரிம்ஸ்பி,
ஜூன் 19, வியாழன்

வேப் கருவிகள் உதவிப் பிரிவு பிரெண்டன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நிறுவனம் திருடுகிறது. காலை ஐந்தரைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது என் அப்பாவின் வேப்பில், அந்த மின்சிகரெட்டில், நூறு சதவீதம் சார்ஜ் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் திரும்பி வரும்போது ஒன்றுமில்லை. நடுவில் அதை யாரும் தொடுவதில்லை. சமையலறை அலமாரியில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அது பாட்டுக்கு நிற்கிறது. ஆறு வாரமாக இதே கதை.

இதைப் பற்றி உங்களுக்கு ஐந்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்துக்கும் நீங்கள் பதில் போட்டீர்கள், ஐந்தின் அடியிலும் "இன்றைய நாள் இனிய புகையுடன் அமையட்டும்!" என்று வாழ்த்தியிருந்தீர்கள். அப்பா இறந்துவிட்டார் என்று மூன்றாவது மின்னஞ்சலில் சொன்னேன். அதற்கும் அதே வாழ்த்துதான். அதனால்தான் இந்த முறை காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரு மனுசனாவது வேண்டும் என்று வேப் கடை டேரன் சொன்னான்.

நான் ஷெல்பி ஓட்லிங். மீன் ஆலையில், மீனுக்கு ரொட்டித்தூள் பூசும் வரிசையில் நிற்கிறேன். அப்பா நெவில் ஓட்லிங் அதே ஆலையில் நாற்பத்து நான்கு வருடம் மீன் வெட்டினார். பதினேழு வயதில் சேர்ந்தபோது அவருக்குப் புகைப் பழக்கமே கிடையாது. ஆனால் அங்கே சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வெளியே விடுவார்கள். பிடிக்காதவன் எதற்கு உட்கார வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அப்பாவுக்குக் கால் வலித்தது, அதனால் சிகரெட் பிடித்தார். நாற்பது வருடம் கழித்து நுரையீரல் போச்சு என்றார் டாக்டர். சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறச் சொன்னார். அப்பா யோக்கியமாக மாறினார். மறுநாளே மேற்பார்வையாளர் கிரெயிக் சொன்னாராம், "இது சிகரெட் இல்லையே நெவில். அப்போ இடைவேளையும் இல்லை. போய் மீனை வெட்டுப்பா." அதற்குப் பிறகு அப்பா ஒரே ஒரு பழைய சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வெளியே போய், சட்டைப்பைக்குள்ளிருந்து வேப்பை இழுத்துவிட்டு வருவார். அந்த ஒரு சிகரெட் ஒன்பது மாதம் வந்தது. ஐந்து நிமிடம் கால் ஆற, முதலாளிகளுக்கு நாங்கள் நுரையீரலைக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். நீங்கள் விற்பதற்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

ஏப்ரல் கடைசியில் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பூவில் வேப் செய்து கொடுத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைப் பூவில் செய்வது ஆலை வழக்கம்: போன வருடம் பாரிக்குப் பூவில் பீர் கிளாஸ், அதற்கு முன் சூசனுக்குக் குதிரை; அப்பாவுக்கு நான்கடி உயரத்தில் ஊதாப் பூ வேப். திரையில் என்ன எழுதுவது என்று பூக்கடைக்காரி கேட்டாள். டேரன்தான் உங்கள் கருவியை ஏதேதோ அழுத்தி, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு பக்கத்தைக் காட்டினான். மொத்த இழுப்புகள்: 61,408. மூன்று வருடத்தில் அப்பா இழுத்த ஒவ்வொரு இழுப்பையும் அது எண்ணி வைத்திருந்தது. வெள்ளைப் பூவில் அந்த எண்ணை எழுதினோம். பாதிரியார் அதைத் தீயணைக்கும் சிலிண்டர் என்றும் அப்பாவைத் தீயணைப்பு வீரர் என்றும் நினைத்துக்கொண்டு, "பிறரைக் காப்பாற்ற ஓடிய மனிதர்" என்று கண்கலங்கப் பேசினார். ஒருவரும் திருத்தவில்லை. அப்பா வாழ்நாளில் எதற்கும் ஓடியதில்லை.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். கருவியை ஆன் செய்தால் திரையில் அப்பாவே எழுதி வைத்த வார்த்தை வரும்: "எந்திரி நெவில்". வேலைக்குப் போக எழ மனம் வராத காலைகளில், முதல் இழுப்புக்கு ஆன் செய்யும்போது பார்க்க அவரே வைத்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் சட்டையை மாற்றுவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், பிரெண்டன். நான் இழுப்பதில்லை. அந்த இரண்டு வார்த்தை மட்டும் வர வேண்டும். வருவதில்லை. காலி பேட்டரிப் படம் மூன்று தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோகிறது.

நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன். பட்டனை ஐந்து முறை அழுத்தச் சொன்னீர்கள், அழுத்தினேன். வயரை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். பேட்டரி தொடும் இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னீர்கள். வீட்டில் ஸ்பிரிட் இல்லை, சிப்ஸுக்கு ஊற்றும் வினிகர்தான் இருந்தது. பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். மறுநாள் அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். "அதுல போயி வினிகரைத் தடவியிருக்கியேடி! சிப்ஸ் கடை மாதிரி நாறுது!" "உனக்கு எப்படிம்மா தெரியும், நீ அதைத் தொடவே மாட்டியே?" என்றேன். அம்மா டீக்குக் கெட்டிலைப் போடப் போய்விட்டாள். டேரனிடம் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். "இது ரெண்டு நாள் நிக்கும் கண்ணு, என்னை நம்பு" என்றான். அன்று மாலையே காலி. "உங்கப்பன் வந்து இழுத்துட்டுப் போறாரோ என்னமோ" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சார்ஜர் வயரைச் சும்மா கொடுத்தான்.

நான்காவது மின்னஞ்சலில் நீங்கள் கேட்டீர்கள்: "வீட்டில் வேறு யாராவது கருவியைப் பயன்படுத்துகிறார்களா?" அதைப் படித்து ஆலைக் கழிப்பறையில் நின்று கத்தினேன். வீட்டில் இருப்பது நானும் அம்மாவும். என் அம்மா மாரீன் ஓட்லிங் அறுபது வயது வரை ஒரு இழுப்பு இழுத்ததில்லை. மழையோ பனியோ, அப்பாவைப் பின்வாசலில் குப்பைத் தொட்டி பக்கம்தான் நிற்க வைப்பாள். "திரைச்சீலைல ஒட்டுது, வெளிய போ நெவில்." அவளைப் போய்ச் சந்தேகப்பட்டீர்கள். அதோடு வேப் டேங்கில் ஊற்றியிருக்கும் ஜூஸ், அந்தப் புகைத் திரவம், ஒரு துளி குறையவில்லை. யாராவது இழுத்தால் குறையாதா? இதுகூடத் தெரியாமலா உதவிப் பிரிவு நடத்துகிறீர்கள்?

கடைசியாக, கருவியை முழுதாக ரீசெட் செய்யச் சொன்னீர்கள். செய்தால் அந்த இரண்டு வார்த்தையும் போகும், அந்த எண்ணும் பூஜ்யமாகும் என்று டேரன் சொன்னான். செய்ய மாட்டேன். அவர் இந்த உலகத்தில் எத்தனை மூச்சு இழுத்தார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. பூவெல்லாம் வாடி எறிந்தாகிவிட்டது. ஆகவே உங்கள் கோளாறை ஒப்புக்கொள்ளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், எதையும் அழிக்காமல் சரிசெய்யத் தெரிந்த ஒரு ஆளை அனுப்புங்கள்.

உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும், இருந்தால், மாலைவரை சார்ஜ் நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஷெல்பி ஓட்லிங்

பி.கு. கடிதத்தை நேற்று தபாலில் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

இன்று மீன் லாரி வரவில்லை, பதினொரு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் வேப் இல்லை. பின்வாசலில், குப்பைத் தொட்டி பக்கத்தில், அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். தலைக்கு மேல் ஒரு மேகம்.

"என்னம்மா பண்ற?"

"குப்பை போட வந்தேன்."

"வாயில புகை வருது."

"குளிரு."

"ஜூன் மாசம்மா இது."

அம்மா கையைப் பின்னால் ஒளித்தாள். பிறகு ஒளித்துப் பயனில்லை என்று தெரிந்து முன்னால் கொண்டுவந்தாள். "நீதானேடி தெனம் எனக்காக சார்ஜ் போட்டு வச்சுட்டுப் போற. தெரிஞ்சும் கேக்கக் கூச்சப்பட்டு நீ பேசலன்னு நெனச்சு நானும் சொல்லல. ஜூஸ் குறையக் குறைய நானே ஊத்தி வச்சிடுவேன், அவரு டிராயர்ல பாட்டில் கெடந்துச்சு."

"ஏம்மா இங்க வந்து நிக்கிற? உள்ளயே இழுக்கலாமே. இப்ப யாரு திட்டப் போறா?"

"அத்தனை வருசம் இங்கதானே அவரைத் துரத்தி விட்டேன். நின்னா என்னதான் தெரியும்னு பாக்க வந்தேன்." அம்மா எதிரே கையைக் காட்டினாள். "ஒண்ணுமில்லடி. பக்கத்து வீட்டுச் சுவரு. மழையில கூட இந்தச் சுவத்தைத்தான் பாத்துட்டு நின்னிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லல பாரு."

இரண்டு பேரும் அங்கேயே நின்று அந்த ஒளிந்திருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 64,933. அப்பா விட்ட இடத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம், ஆறு வாரத்தில். என் சாட்சியில் அம்மா கலந்துவிட்டாள். இனி பிரிக்க முடியாது.

உங்கள் பேட்டரியில் கோளாறு இல்லை. புது பேட்டரியிலும் இல்லை. உங்கள் நான்காவது கேள்வி சரியான கேள்வி. மேலே எழுதியது எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன், ஆலையைப் பற்றி எழுதியதைத் தவிர. ஆளும் அனுப்ப வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

ஆனால் ஒன்று வேண்டும். அது உங்கள் ருபார்ப் கஸ்டர்ட் மிட்டாய் வாசனை ஜூஸ். அந்த வாசனைக்காகத்தான் அம்மா இழுக்கிறாள். அப்பாவின் கோட்டில் இருப்பதும் அதுதான். அதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்று டேரன் சொல்கிறான். டிராயரில் இருப்பது அரை பாட்டில், நான் அளந்துவிட்டேன், பத்து நாள் வராது. அதில் நிகோடினும் இருக்கிறது. இன்று காலை முதல் இழுப்பு இழுக்கும் வரை கை நடுங்கியது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவரைப் புதைத்த அதே மண்ணில் இன்னொருவரைப் புதைக்க என்னால் முடியாது, அவளிடமிருந்து பிடுங்கவும் முடியாது.

நிகோடின் இல்லாமல், அதே வாசனை மட்டும், உங்களால் செய்து தர முடியுமா முடியாதா? பத்து நாளுக்குள் சொல்லுங்கள். வாழ்த்து வேண்டாம். பிரெண்டன், அங்கே மனுசன் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.