சண்டியருக்கு ஒரு கட்டுப் புல்லு

எங்கள் தோட்டத்தில் அர்த்தம் அக்காவை ஏசி ஜெயித்தவர் ஒருத்தருமில்லை. ஓப்பநாயக்க டவுன் பக்கத்துத் தேயிலை மலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏசினால் அவர் கோபப்படமாட்டார். அர்த்தம் கேட்பார்.

ஒருநாள் கங்காணி, "ஏய் மூதேவி!" என்று கத்தினார்.

"மூதேவின்னா யாருங்க?"

"லெச்சுமிக்கு அக்காக்காரி!"

"தங்கச்சிதான் அம்புட்டு வசதியா இருக்காளே, அக்காள ஒருக்காவாச்சும் வந்து பாத்தாளாங்க?"

கங்காணி மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

தொண்ணூறுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே பைப்பு. சண்டியர் என்று பேரெடுத்த ஒருவர்தான் அதற்கு ராஜா. அடிதடி கிடையாது. விடியும் முன்பே வாளியைக் கவிழ்த்துப் பைப்பை மறித்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு மனசு வந்தால்தான் மற்றவர்களுக்குத் தண்ணீர். டவுன் கடைச் சிங்கள முதலாளிகூட அவரைச் "சண்டியா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா விடுவாரா?

"முதலாளி, சண்டியாங்கிறது ஒங்க பேச்சா, எங்க பேச்சா?"

"எங்கட பேச்சுதான்!"

"நல்லதாப் போச்சு. வார்த்தையோட ஆளையும் நீங்களே வச்சுக்கங்க."

அப்போது என் தங்கச்சி புதிதாகத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தாள். பைப்படியில் காத்திருந்தே காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திவிடுவாள். இனிப் பிந்தினால் வேலையே இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டார். மறுநாளும் சண்டியர் அசையவில்லை. பெரட்டுக்குச் சங்கு ஊதியது. தங்கச்சி அழுதேவிட்டாள்.

அக்கா தன் மாட்டுக்கு அறுத்து வைத்திருந்த புல்லுக்கட்டைத் தூக்கி வந்து சண்டியர் முன்னால் போட்டார்.

"என்னா இது?"

"சண்டின்னா, வண்டியில பூட்டுனா நடு ரோட்டுல படுத்துக்கிற மாடுங்க. எங்கப்பா சொல்லுவாரு. அடிச்சா எந்திரிக்காது. புல்லக் காட்டுனா எந்திரிக்குமாம்." நாக்கைச் சொடுக்கினார். "எந்திரிங்கண்ணே! ஹை, ஹை!"

முதலில் சிரித்தது சண்டியர் சம்சாரம்தான். பிறகு லயமே சிரித்தது. சண்டியர் விறைப்பாகத்தான் எழுந்தார், ஆனால் எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து வரிசையில் நின்றார்.

அன்றைக்குச் சண்டியர் எழுந்த கையோடு, "நீ ஓடு புள்ள, தண்ணிய நா பாத்துக்கிறேன்" என்று தங்கச்சியை விரட்டிவிட்டு, எங்கள் குடங்களை நிரப்பி வீட்டில் கொண்டுவந்து வைத்தார் அக்கா. தங்கச்சிக்குப் பேர் விழுந்தது. பிந்திப் போன அக்காவைக் கங்காணி, அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்.

எங்களுக்கு அம்மா இல்லை. தங்கச்சி கலியாணத்தில் அம்மா இடத்தில் யாரை நிறுத்துவது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணப் பொண்ணு எழுந்து போய், அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள்.