பங்குனி மாதத்துக் கடுங்குளிர்

வடநாட்டில் மார்கழி, தை மாதங்களில் மக்கள் குளிரில் விறைத்துப் போகிறார்கள். எனவே நாடு முழுவதும் குளிரை ஒரே சீராக எதிர்கொள்ள வேண்டும் என்று, டெல்லியிலுள்ள பருவநிலை நல வாரியம் டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அது வழியில் ஒவ்வொரு மேசையிலும் உரிய மரியாதையோடு தங்கி இளைப்பாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை அலுவலகத்தை அடைந்தபோது பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. 'கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குக் குளிர்காலம் அனுசரிக்கப்பட வேண்டும்' என்று அதில் தெளிவாக இருந்தது.

கண்காணிப்பாளர் ஆஸ்டின் கடமை தவறாதவர். மறுநாளே கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவுமாக ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேராக, அலுவலக வாசலில் சர்பத் வண்டி போட்டிருந்த அன்னத்தாயிடம் போனார்.

"ஏம்மா, வண்டிய எடு. ஆபீஸ்லருந்து நூறு மீட்டருக்குள்ள குளிர்பானம் விக்கக் கூடாது."

"வெயிலு மண்டையப் பொளக்குது. குளிரு எங்க சார் இருக்கு?"

"நாலாவது பத்தியில இருக்கு."

"நேத்து ரெண்டு கிளாசு குடிச்சியளே!"

"நான் காலையில குடிச்சேன். தபால் சாயங்காலந்தான் வந்துச்சு."

"பதினஞ்சு நாளு யாவாரம் இல்லாம நான் என்னத்தத் திங்க?"

"சூடா எதாவது தின்னு. அதுவும் அதுல போட்டிருக்கு."

அன்னத்தாய் வண்டியை நூற்றொன்றாவது மீட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே கருவேல முள்தான் இருந்தது. ஒரு ஆளும் வரவில்லை.

எழுத்தர் அல்லா பிச்சைக்கு வேறு கவலை. வெப்பநிலைப் படிவத்தில் பூஜ்யம் முதல் பத்து டிகிரி வரைதான் கட்டங்கள் இருந்தன. சுவரில் தொங்கிய கருவியோ முப்பத்தெட்டு காட்டியது.

"சார், எதுல டிக் அடிக்க?"

"உள்ளதுலயே பெரிசு எது பாய்?"

"பத்து."

"அதுல அடிங்க. மிச்சம் இருவத்தெட்ட நாம பொறுத்துக்கிடுவோம்."

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, ஜன்னல் அடைத்த அறையில், குல்லாவோடு ஆஸ்டின் மயங்கிச் சாய்ந்தார். அன்னத்தாய்தான் ஐஸ் கட்டியோடு ஓடி வந்தாள். தலையில் ஐஸும் வாயில் சர்பத்தும் போன பிறகு கண் திறந்தார்.

"இது குளிர்பானமா?" என்றார் முதலில்.

அல்லா பிச்சை சுற்றறிக்கையைப் புரட்டினார். "முதலுதவி மையம் வாசல்லயே வைக்கலாம்னு ஆறாவது பத்தி சொல்லுது சார்."

மதியமே வண்டி பழைய இடத்துக்கு வந்தது. 'கடுங்குளிர் முதலுதவி மையம்' என்று பலகையும் ஏறியது. யாவாரம் முன்னைவிட ஜோர்.

மயக்கத்துக்கும் அறிக்கை போக வேண்டுமல்லவா? படிவத்தில் இருந்த ஒரே காரணம் 'குளிர்'. அதையே எழுதினார்கள். டெல்லி பதறிவிட்டது. பத்து டிகிரிக்கே சுருண்டு விழும் மக்களா! ஐந்நூறு கம்பளிச் சட்டைகள் லாரியில் வந்து இறங்கின. எல்லாம் இலவசம்.

விநியோகத்தன்று வரிசை திருமுக்குளம் வரை நீண்டது. டெல்லியைத் திட்டிக்கொண்டே ஊர்க்காரர்கள் எல்லோரும் நின்றோம். உச்சி வெயிலில் எனக்கு முன்னால் நின்றவர் பொத்தென்று விழுந்தார்.

"அன்னத்தாயி, சர்பத் கொண்டா!" என்று ஆஸ்டின் கத்தினார். முதலுதவி மையத்தில் ஆளே இல்லை.

வரிசையில் விழுந்தவருக்கு முந்தி நின்றிருந்த அன்னத்தாய் திரும்பாமலே சொன்னாள்: "செத்த நேரம் பொறுங்க சார். இப்பப் போனா என் எடம் போயிரும்."

விழுந்தவர் கண்ணைத் திறக்காமலே, "என் எடத்தையும் பாத்துக்கிடுங்க" என்றார்.

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. நானும் அவரைச் சுற்றிக்கொண்டு ஓரடி முன்னேறினேன்.