மிதிவண்டிப் பாதைக்குக் கயிறு அறுத்த விழா

மனித குலம் நான்கு காலிலிருந்து இரண்டு காலுக்கு எழுந்து நின்றது பெரிய நிகழ்ச்சிதான். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு நிகழ்ச்சியைப் பார்த்தேன். அல்மாத்தி மாநகரில் மனித குலம் இரண்டு காலிலிருந்து இரண்டு சக்கரத்துக்கு 'அதிகாரபூர்வமாக' மாறிய அந்தத் தருணத்தில், கத்தரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு மிக அருகில் நின்றவன் நான். தண்ணீர்கூட என்மேல் தெறித்தது.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். சாலைப் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். பிறகு போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை. கேமராத் திரைகளில் காலிச் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆளே இல்லாத சாலை எவ்வளவு பாதுகாப்பானது என்று என்னைவிட அறிந்தவர் ஊரில் இல்லை. அதனால் 'சாலைச் சகோதரத்துவத் துறை' தொடங்கியபோது என்னை நிபுணராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

துறையின் கொள்கை மூன்றே சொல்: 'சாலையைச் சகோதரர்களாகப் பகிர்வோம்.' இதை ஊரெங்கும் பதாகையாகக் கட்டினோம். கட்டுவதற்காகச் சாலையை இரண்டு நாள் மூடினோம். அடுத்ததாக, மலையடிவாரத்திலிருந்து கீழே சந்தைவரை வாய்க்காலை ஒட்டிப் பச்சை வண்ணத்தில் ஒரு மிதிவண்டிப் பாதை போட்டோம். மக்கள் கொடுத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. பச்சை காய்வதற்குள்ளேயே அதில் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் பிபிகுல் என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்குப் புகார் கொடுக்க வந்தாள். முழங்கையில் கட்டு. கையில் சைக்கிள் பம்பு. அதை வெளியே விட்டால் திருடிவிடுவார்களாம்.

துணை இயக்குநர் மார்ஜான் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். துறை தொடங்கிய நாளிலிருந்து ஒரு மிதிவண்டிக்காரரை அவர் நேரில் கண்டதில்லை.

"நீதானம்மா மிதிவண்டியா?"

"நான் நர்ஸுங்க. வீடு வீடாப் போய் ஊசி போடுறேன். சைக்கிள் வெளிய நிக்குது."

"என்ன குறை, சொல்லு."

"உங்க பச்சைப் பாதை பூரா கார் நிக்குதுங்க. ரோட்டுல இறங்கினா பஸ்காரன் பின்னாலேயே வந்து ஹாரன் அடிக்கிறான். அதனால காருக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல போறேன். மூணு தடவை வாய்க்கால்ல விழுந்துட்டேன்."

"ஏன் விழுந்தே?"

"கதவைத் தொறந்தாங்க."

"எந்தக் கதவை?"

"கார்க் கதவைத்தான்."

மார்ஜான் அக்கா என்னைப் பார்த்தார். நிபுணர் என்ற முறையில் நான் விளக்கினேன். "கார்க் கதவுன்னா தொறக்கத்தானே செய்யும், தங்கச்சி?"

"தொறக்கட்டும் அண்ணே. நான் தாண்டுனப்புறம் தொறக்கட்டும்."

இவ்வளவு சிக்கலான கோரிக்கை துறைக்கு அதுவரை வந்ததில்லை. உடனே அவசரக் கூட்டம். இயக்குநர் தோலெகென் ஐயா தலைமை. பால் விட்ட தேநீரும் பொரித்த மாவு உருண்டைகளும் முடிந்த பிறகு, ஐயா கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"கார் இந்த ஊருக்கு வந்து எத்தனை காலம் ஆச்சு? நம்ம அப்பாவுக்கும் மூத்தது. சைக்கிள் பாதை நேத்துப் பொறந்தது. கைக்குழந்தை. இப்ப சொல்லுங்க, குழந்தை எதனால தடுக்கி விழுது?"

ஐயா கண்ணைத் திறந்தார்.

"கயிறு அறுக்கல!"

ஐயா சொல்லி முடித்ததும் அறையே கை தட்டியது. இவ்வளவு எளிய உண்மை நமக்கு எட்டவில்லையே என்று மார்ஜான் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் அதன் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றால் கட்டுவோம். பெரிய மனிதர் ஒருவர் வந்து அதை அறுப்பார். குழந்தை தத்தித் தத்தி ஓடும். அதன்மேல் மிட்டாய்களை வாரி வீசுவோம். கயிறு அறுப்பவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் தேர்ந்தெடுப்பதில் சண்டையே நடக்கும். பாதைக்குக் கால் கிடையாது என்பதால், அதன் சார்பில் ஒரு மிதிவண்டிக்காரரின் காலைக் கட்டுவது என்று முடிவாயிற்று.

"யாராவது ஒரு சைக்கிள்காரரே அறுக்கட்டுமே," என்றேன் நான்.

"புத்தி இருக்கா உனக்கு?" என்றார் மார்ஜான் அக்கா. "சைக்கிள்காரன் அறுத்தா காலைக் கட்டிக்கிறவங்க காலம் பூரா சைக்கிள்லயே போகவா? வாழ்க்கையில ரொம்ப தூரம் போனவங்க அறுக்கணும்டா."

எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா அடக்கத்துடன் கூரையைப் பார்த்தார்.

பிறகு சட்டத்தை இயற்றினோம். 'கயிறு அறுபடும் நொடியிலிருந்து, அறுபடும் இடத்திலிருந்து, மிதிவண்டிப் பாதை உயிர் பெறுகிறது. உயிர் பெற்ற பாதையில் எந்தக் காரும் நிற்கலாகாது.' எழுதியவன் நான். 'அறுபடும் இடத்திலிருந்து' என்பதை ஓசைக்காகச் சேர்த்தேன். ஐயாவுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த பிபிகுலைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினோம். அவள் இரண்டு முறை கேட்டாள்.

"அறுத்ததும் பாதையில கார் இருக்காதா?"

"ஒண்ணுகூட இருக்காது," என்றார் ஐயா.

"அன்னைக்கேவா?"

"அந்த நொடியே. இழுவை வண்டி ரெடியா நிக்கும்."

அவள் பம்பைக் கீழே வைத்தாள். "அப்போ என்னையே கட்டுங்க."

விழா நாள் வந்தது. வசந்தகாலம். மலையில் பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பாதையில் விரிக்க வெள்ளைத் துணி ஒரு சுருள் கொண்டுவந்திருந்தோம். விரிக்கத்தான் இடம் இல்லை. மேலே பார்த்தாலும் கார், கீழே பார்த்தாலும் கார். கடைசியில் ஒரு டாக்சிக்கும் ஒரு ரொட்டி வேனுக்கும் நடுவில் ஒரு கார் நிற்கும் அளவு இடைவெளி அகப்பட்டது. அங்கே துணியை விரித்தோம்.

டாக்சிக்காரர் கைராத் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தார். "யாருக்கு அண்ணே கல்யாணம்?"

"மிதிவண்டிப் பாதைத் திறப்பு விழா. வண்டியைக் கொஞ்சம் எடுங்க."

"இது சைக்கிள் பாதையா? பச்சையா இருந்துச்சு, நிறுத்துங்கன்னு கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். சட்டம் வந்தாச்சா?"

"கயிறு அறுத்ததும் வரும்."

"அப்ப வந்ததும் எடுக்குறேன். சட்டத்தை மதிக்கிறவன் நான்." ஜன்னல் ஏறிவிட்டது.

பிபிகுல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். தோளில் ஊசிப் பை. நானும் ரொட்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டோம். மார்ஜான் அக்கா குனிந்து இரண்டு கணுக்காலையும் கட்டினார். நல்ல கம்பளிக் கயிறு. நடுவில் சைக்கிளின் இரும்புச் சட்டம் இருந்ததால் அதையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டார். இனி அவளால் மிதிக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. மனிதரும் வாகனமும் இவ்வளவு நெருங்கியதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"இறுக்கமா இருக்கு அக்கா," என்றாள் பிபிகுல்.

"விழாவுல அப்படித்தான் இருக்கும். சிரி."

"மேல் தெருவுல ஒரு தாத்தா சாப்பிடாம ஊசிக்குக் காத்துட்டிருக்காரு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஐயா வந்துட்டே இருக்காரு."

ஐயா உண்மையிலேயே வந்துகொண்டிருந்தார். கறுப்பு ஜீப் தெருமுனையில் தெரிந்ததும் எங்கள் ஊர் இரட்டைக் கம்பி வாத்தியமான தோம்ராவை வாசிப்பவர் கம்பியை மீட்டினார். கூட்டம் கை தட்டியது. ஐயா பின்சீட்டிலிருந்து கை அசைத்தார். ஜீப் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

மார்ஜான் அக்காவின் போன் அடித்தது. ஐயாவின் ஓட்டுநர் பவுர்ஜான். "அக்கா, வண்டி நிறுத்த இடமே இல்ல. ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்."

ஒரு வழிச் சாலைகள். மேலே போய், திரும்பி, கீழே இறங்கி, மறுபடி வர வேண்டும். வந்தார்கள். தோம்ரா, கைதட்டல், கையசைப்பு. போய்விட்டார்கள். மறுபடியும் வந்தார்கள். நகரின் நெரிசலை ஓர் இயக்குநர் இவ்வளவு நேரம் தொடர்ந்து கள ஆய்வு செய்ததை நான் கண்டதில்லை. தோம்ராக்காரர் மட்டும் கட்டணத்தைச் சுற்றுக் கணக்கில் கேட்க ஆரம்பித்தார்.

"நடந்து வரச் சொல்லுங்களேன்," என்றாள் பிபிகுல். "தெருமுனையில இறங்கினா ரெண்டு நிமிஷம்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மார்ஜான் அக்கா அவளைப் பரிவோடு பார்த்தார். "இயக்குநரும்மா அவரு."

"அப்ப நீங்களே அறுத்துடுங்க. கால் மரத்துப்போச்சு."

"நான் அறுத்தா என் நடைதான் வரும் உனக்கு. எனக்கு மூட்டுவலி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த சுற்றில் பவுர்ஜானே வழி கண்டுபிடித்தார். போனில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. அந்த வெள்ளைத் துணி போட்ட இடம். கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா வண்டிய விட்டுடலாம்."

துறை தயங்கவில்லை. துணியைச் சுருட்டினோம். நான்கு பேர் சேர்ந்து பிபிகுலைச் சைக்கிளோடு தூக்கினோம். பாதையில் வைக்க வழியில்லை, ஜீப் வருகிறது. சாலையில் வைத்தால் ஆபத்து. அதனால் அவளுக்குப் பழக்கமான இடத்திலேயே, காருக்கும் வாய்க்காலுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வைத்தோம்.

"இங்க வேணாம் அண்ணே," என்றாள். "இங்கதான் கதவு தொறக்கும்."

"பயப்படாதே தங்கச்சி. நான் பிடிச்சிருக்கேன்ல."

ஜீப் வந்து துணி இருந்த இடத்தில் பொருத்தமாக நின்றது. தோம்ரா முழங்கியது. மார்ஜான் அக்கா "தட்டு, தட்டு" என்று கத்தினார். இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய தட்டு அது. சைக்கிளை விட்டுவிட்டுத் தட்டை எடுத்தேன். ரொட்டிக்காரர் கை தட்டினார்.

ஐயா கதவைத் திறந்தார்.

பெரிய மனிதர்கள் எதைத் திறந்தாலும் முழுதாகத்தான் திறப்பார்கள். கதவு பிபிகுலைச் சைக்கிளோடு வாரி வாய்க்காலில் போட்டது. கால் கட்டியிருந்ததால் அவளால் ஊன்றவும் முடியவில்லை, எகிறவும் முடியவில்லை. கல்லில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. சைக்கிள்தான் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

"யாரது கதவுகிட்ட?" என்றார் ஐயா.

"அவதான்யா. குழந்தை," என்றார் மார்ஜான் அக்கா.

"ஓ! எங்க வச்சிருக்கீங்க அவளை?"

"வாய்க்கால்லங்க ஐயா. சுலபமா அறுக்கலாம். அசைய மாட்டா."

ஐயா கரையில் குனிந்தார். தட்டை நீட்டினேன். பனித் தண்ணீருக்குள் கைவிட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே கயிற்றை அறுத்தார். மிட்டாய்கள் பறந்தன. பாதி அவள்மேல் விழுந்தன, பாதி தண்ணீரோடு சந்தைப் பக்கம் போயின. மிட்டாய் மழைக்கு நடுவில் அவள் ஊசிப் பையை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வேறு எதையும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கார்..." என்றாள். பல் கிட்டித்திருந்தது. "அறுத்தாச்சுல்ல? காரை எடுங்க."

இழுவை வண்டிக்காரர் முன்னால் வந்தார். "எந்தக் காருங்க ஐயா முதல்ல?" அவர் பார்வை, அருகில் நின்ற கறுப்பு ஜீப்பின்மேல் இருந்தது.

அங்கேதான் ஐயாவின் மேதைமையைக் கண்டேன். "சட்டத்தைப் படி," என்றார்.

படித்தேன். 'கயிறு அறுபடும் நொடியிலிருந்து, அறுபடும் இடத்திலிருந்து...'

"எங்க அறுபட்டுச்சு?"

"வாய்க்கால்லங்க ஐயா."

"அப்ப பாதை எது?"

கூட்டம் வாய்க்காலைப் பார்த்தது. அதுவரை அதை அந்தக் கண்ணோடு யாரும் பார்த்ததில்லை. மலையிலிருந்து சந்தைவரை நேராகப் போகிறது. சாலையிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறது. தினமும் தானாகவே கழுவப்படுகிறது.

"இதுல கார் ஏதாவது நிக்குதா?" என்று கேட்டார் ஐயா.

"ஒண்ணுகூட இல்லைங்க," என்றார் இழுவை வண்டிக்காரர்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்சிக்காரர் கைராத் ஜன்னலை இறக்கிக் கை தட்டினார். பிறகு அவர் வண்டியில்தான் பிபிகுலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். ஆம்புலன்ஸ் வந்து நிறுத்த இடம் இல்லை. மேல் தெருத் தாத்தாவுக்கு ஊசிப் பையை நடந்தே போய்க் கொடுத்தேன். இரண்டு நிமிஷம்தான்.

அதன் பிறகு எங்கள் பச்சைப் பட்டையில் ஒரு மிதிவண்டி விபத்துகூட நடக்கவில்லை. அது மிதிவண்டிப் பாதையே அல்லவே. வாய்க்காலில் விழுகிறவர்களும் இப்போது விழுவதில்லை, 'பாதைக்குள் நுழைகிறார்கள்.' பகிர்வு நிறைவேறிவிட்டது: சாலை கார்களுக்கு, வாய்க்கால் மிதிவண்டிகளுக்கு, சகோதரத்துவம் துறைக்கு. மற்ற ஊர்க்காரர்கள் பார்வையிட வருகிறார்கள். வண்டி நிறுத்தப் பச்சையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

போன வாரம் துறையின் சார்பில் பிபிகுலைப் பார்க்கப் போனேன். ஐயா கொடுத்தனுப்பிய சைக்கிள் மணியைக் கட்டிலோரம் வைத்தேன். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. உள்ளே கம்பி. அவள் மணியைப் பார்க்கவில்லை.

"கார் எல்லாம் போயிருச்சா அண்ணே?"

"பாதையில ஒரு கார்கூட இல்ல தங்கச்சி."

"நிஜமாவா?" முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப விழுந்ததுக்கும் ஒரு பலன் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. சட்டத்தில் உள்ளதைச் சொன்னேன். பிறகு நானும் லிப்டில் இறங்கி, பச்சையில் நிறுத்தியிருந்த அலுவலக வண்டியில் ஏறி வந்துவிட்டேன்.

கயிறு அறுப்பவரின் நடைதான் வரும் என்று பெரியவர்கள் நம்பியது வீண்போகவில்லை. தோலெகென் ஐயா இந்த ஊர்ச் சாலையில் ஓர் அடி நடந்து நான் பார்த்ததில்லை. இப்போது பிபிகுலும் நடப்பதில்லை.