மாப்பிள்ளை கதவு பிடித்த படலம்

வாழ்க மாப்பிள்ளை. கடல் கடந்த கால்களும், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையும், இடக்கையில் தொங்கும் சாப்பாட்டுப் பையுமாக, மாமனார் வீட்டுப் பெரியவர்கள் அனைவராலும் மாப்பிள்ளை என்ற ஒரே நாமத்தால் போற்றப்படும் அந்தப் பொறுமையின் சிகரம், அந்நிய நாட்டில் முதல் நாள் வேலைக்குப் போன காலையில் ஒரு கண்ணாடிக் கதவோடு தனித்து நின்று பொருத வரலாற்றை முழுதாகச் சொல்ல ஆயிரம் நாவு படைத்த ஆதிசேடனால்தான் ஆகும். நமக்கு இருப்பது ஒரு நாவு. ஆனாலும் சொல்வோம்.

போருக்கு முந்திய உபதேசம் தேர்த்தட்டில் நடக்கவில்லை, சமையலறையில் நடந்தது. உபதேசித்தவன் மச்சினன், முன்பே வந்து குடியேறி, இந்நாட்டு நெளிவு சுளிவுகளைக் கரைத்துக் குடித்தவன்.

"மாமா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இங்க கதவத் தொறந்தா, பின்னாடி வர்றவங்களுக்காகப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அப்படியே விட்டுட்டு உள்ள போனா, காட்டான்னு முடிவு பண்ணிடுவாங்க."

சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "ஃப்ரிட்ஜ் கதவையே சாத்தத் தெரியாத மனுஷன். அவர்கிட்ட போய் கதவப் பத்திப் பாடம் எடுக்கிறான் பாரு."

இக்கேலிக் கணை மார்பில் தைத்தும் மாப்பிள்ளை கலங்கவில்லை. கலங்க நேரமில்லை. மருந்துப் பெட்டி அடுக்கும் கிடங்கில் வேலை; எட்டு மணிக்குள் மேற்பார்வையாளர் முன் நிற்காவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வந்த நாள்முதல் மச்சினன் வீட்டுச் சோபாவில் கால் நீட்ட இடமின்றிச் சுருண்டு படுத்தவருக்கு, அது வேலை மட்டுமல்ல, மானம்.

தூறல் விழுந்த அந்தக் காலையில், பற்பல அலுவலகங்களையும் அந்தக் கிடங்கையும் தன் வயிற்றில் அடக்கிய ஒரு நெடிய கட்டடத்தின் முன் அவர் வந்து நின்றார். எதிரே கதவு. கண்ணாடியே மார்பாக, இரும்பே எலும்பாக, உச்சியில் மடங்கி நீளும் ஒற்றைக் கையால் தன்னைத் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும் பிடிவாதம் கொண்ட அக்கொடுங்கதவின் பிடியை, களிற்றின் தந்தத்தைப் பற்றும் மறவனைப்போல் பற்றி இழுத்துத் திறந்தார். திறந்தவர் உபதேசத்தை நினைத்தார். நினைத்தவர் திரும்பிப் பார்த்தார். அங்கே தொடங்கியது வினை.

குழந்தை வண்டி தள்ளி ஒரு தாய் வந்தாள். பிடித்தார். நன்றி சொன்னாள், தலையாட்டினார். உள்ளே போகத் திரும்பினால், கைத்தடி ஊன்றி ஒரு முதியவர். பிடித்தார். அவருக்குப் பின்னால், தொலைவில், தெருவோரத்துக் கேட்டருகே ஒரு பருத்த மனிதர். எவ்வளவு தொலைவில் வருகிறவர்வரை பின்னால் வருகிறவர் ஆவார் என்னும் நுண்பொருளை மச்சினன் உபதேசிக்கவில்லை. ஆகவே பிடித்தார். தமக்காக ஒருவன் கதவு தாங்கி நிற்பதைக் கண்ட அம்மனிதர், நடந்து வர வெட்கி, தொந்தி குலுங்க ஓடி வந்தார். அவர் ஓடுவதைக் கண்டு, உள்ளே ஏதோ அவசரம் என்றெண்ணி, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டமும் ஓடி வந்தது. மடை உடைந்த வெள்ளமென அவர்கள் புகுந்தார்கள். மடையோரத்து மரமென மாப்பிள்ளை நின்றார்.

ஒவ்வொரு நன்றியும் ஓர் அம்பு. ஒருத்தி லிஃப்ட் எங்கே என்று கேட்டாள். தெரியாவிட்டாலும் கம்பீரமாக ஒரு திசையைக் காட்டினார். இன்னொருவர் நனைந்த குடையை அவர் கையில் கொடுத்துவிட்டே போனார். சாப்பாட்டுப் பை முழங்கையில் ஏறியது, கஞ்சி போட்ட சட்டை தூறலில் துவண்டது, கண்ணாடிக்கு அப்பால் சுவர்க்கடிகாரம் எட்டை நோக்கி இரக்கமின்றி நகர்ந்தது. கோயில் வாசலில் கதாயுதம் ஊன்றி நிற்கும் துவாரபாலகரின் துயரத்தை அன்று அவர் அறிந்தார்.

அந்நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டார்.

"உள்ள போயாச்சா?" என்றாள் மனைவி.

"வாசல்ல நிக்கிறேன்."

"இன்னும் வாசல்ல என்ன பண்றீங்க?"

"கதவப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"கையை எடுத்துட்டு உள்ள போங்க."

"எப்படிம்மா எடுக்கிறது? இன்னொருத்தங்க வர்றாங்க."

வந்தவள் கறுப்புக் கோட்டணிந்த ஒரு பெண்மணி; வேகமாக வந்தாள். மாப்பிள்ளை கதவை அகலத் திறந்து வழிவிட்டார். அவளோ உள்ளே போகாமல், கதவின் மறுவிளிம்பைத் தான் பற்றிக்கொண்டு, முதலில் நீங்கள் போங்கள் என்று கை காட்டினாள். மாப்பிள்ளை திகைத்தார். முன்னால் நுழைந்தால் காட்டான். நுழையாவிட்டால் வேலை போச்சு. அவர் கை காட்டினார், அவளும் காட்டினாள். அவர் குனிந்தார், அவளும் குனிந்தாள். இரு பேரரசர் ஒரே பாலத்தின் இரு முனைகளில் எதிர்ப்பட்டாற்போல இருவரும் கதவை இறுகப் பற்றி, புன்னகையே ஆயுதமாக, ஓரடியும் பின்வாங்காது நின்றார்கள். பிறகு இருவருக்கும் ஒரே நொடியில் பொறுமை கெட்டது. ஒன்றாகப் பாய்ந்தார்கள். குடையும் சாப்பாட்டுப் பையும் கோட்டும் வாசல் நிலையில் சிக்க, தோளோடு தோள் நெரிந்து, ஒருவழியாக உள்ளே விழாத குறையாகப் போய் நின்றபோது, மணி எட்டு அடித்து ஓய்ந்திருந்தது.

மாப்பிள்ளை கிடங்கைத் தேடிக் கண்டுபிடித்து, தலை கவிழ்ந்து நுழைந்தார். மேசைக்குப் பின்னால், கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள் மேற்பார்வையாளர். அவள் அவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அவர் கையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் குடையைப் பார்த்தாள். தானும் பிந்தி வந்தவள் என்பதால் நெடுநேரம் தொண்டையைச் செருமினாள். இந்தக் கட்டடத்துக் கடிகாரம் என்றும் கொஞ்சம் முந்தித்தான் ஓடும் என்று அருளி, வேலைக்கான நீலக் கோட்டை அவரிடம் நீட்டினாள். விண்ணவர் பூமாரி பொழிந்தனர், முரசுகள் முழங்கின, வாயில் காத்து வேலை வென்ற அப்பெருந்தகையின் புகழ் திசை எட்டிலும் பரந்தது.

மறுநாள் அவர் பின்வாசல் வழியாகப் போனார்.